‘கீழே’ என்றால் எந்தப் பக்கம்?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் தியேட்டரில் அன்றைக்கு இரண்டாவது கேஸ். நோயாளி நாற்பது வயது லாரி ஓட்டுநர். இடுப்பின் அடிமட்டத்தில், எல்5, எஸ்1 என்ற இரண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி இடது காலுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. குப்புறப் படுக்க வைத்து, முதுகில் சிறு கீறல் போட்டு அதன் வழியே 18 மில்லிமீட்டர் அகல டியூபைப் பொருத்தி, மைக்ராஸ்கோப்பை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். கருவியைப் பிடித்திருந்தவர் என்னிடம் பயிற்சிக்கு வந்து நான்கு மாதமே ஆகியிருந்த இளம் மருத்துவர். நான் எதிர்ப்பக்கக் கண்வில்லையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையில் கெரிசன் இருந்தது. எலும்பின் விளிம்பைத் துணுக்குத் துணுக்காகக் கடித்தெடுக்கும் கருவி அது. அதன் பாதம் நான் நினைத்த இடத்தைவிடக் கொஞ்சம் தலைப்பக்கமாக இருந்தது. “இன்னும் கொஞ்சம் கீழ போம்மா” என்றேன். அவர் போனார். ஆனால் ஆழமாகப் போனார்.

நான் சொன்ன ‘கீழ’ நோயாளியின் பாதம் இருக்கும் பக்கம். அவர் எடுத்துக்கொண்ட ‘கீழ’ தரை இருக்கும் பக்கம். குப்புறப் படுத்திருக்கும் ஒருவரின் முதுகின் மேல் குனிந்து நிற்பவருக்குக் கீழே என்றால் தரைதானே? அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. கெரிசனின் பாதம் டியூராவை, அதாவது நரம்புகளையும் அவற்றைச் சுற்றியுள்ள நீரையும் தாங்கும் உறையை, ஒரு கணம் அழுத்தியது. உறை குழிந்தது. “ஸ்டாப்” என்றேன். நல்லவேளை, நின்றார். உறை மெதுவாக மேலெழும்பித் தன் பழைய வடிவத்துக்கு வந்தது. கிழியவில்லை. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் காலை நடந்துபோய்க் காபி குடித்தார். ஆனால் ஒரு மில்லிமீட்டர் கூடப் போயிருந்தால் கதை வேறு.

அன்று மாலை கேன்டீனில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இனிமேல் தியேட்டருக்குள் எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எழுதினோம். சிறு துளை வழியே முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையைக் கற்றுக்கொடுப்பது என்றால் முதலில் சொற்களைக் கற்றுக்கொடுப்பது என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். அதற்கு முன் பல வருடம் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இதை யோசித்ததே இல்லை.

காரணம் இருக்கிறது. நான் கற்றுக்கொண்டது திறந்த அறுவையில். என் ஆசிரியர் அதிகம் பேச மாட்டார். காயம் அகலமாக இருக்கும், நான்கு கைகள் ஒரே நேரத்தில் உள்ளே போகும். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து லாமினாவின், அதாவது முதுகெலும்பின் பின்பக்கத் தகட்டின், மேல் வைப்பார். அப்படியே வெளிப்பக்கம் நகர்த்தி முதுகெலும்புகள் ஒன்றோடொன்று சேரும் ஃபேசட் மூட்டின் மேட்டைத் தொட வைப்பார். நான் தவறான இடத்துக்குப் போனால் அவர் கை வந்து என் கையைத் தள்ளிவிடும். கை பேசும்போது வாய்க்கு வேலை இல்லை. டியூபுக்குள் அந்தக் கை வர முடியாது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டம் அது. அதற்குள் ஒருவரின் சக்‌ஷனும் இன்னொரு கருவியும் போனாலே இடம் முடிந்துவிடும்.

இந்த அறுவை சிகிச்சையின் வரலாற்றை நான் இப்போது இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன். 1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும், ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் காலில் அந்த வலி வருகிறது என்று எழுதினார்கள். அன்றைக்கு முதுகை அகலமாகத் திறந்துதான் பார்த்தார்கள். சுற்றி நின்ற மாணவர்கள் எல்லோரும் எட்டிப்பார்க்க முடியும். 1977-ல் யாசர்கிலும் காஸ்பரும் மைக்ராஸ்கோப்பைக் கொண்டு இதைச் செய்யலாம் என்று காட்டினார்கள். காயம் சுருங்கியது, பார்ப்பவர்கள் இரண்டு பேர் ஆனார்கள். 1997-ல் அமெரிக்காவில் ஃபோலியும் ஸ்மித்தும் தசையை அறுக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாகப் பெரிதாகும் குழல்களால் விலக்கி, அதற்குள் டியூபை வைத்து, உள்ளே இருப்பதைத் திரையில் காட்டும் எண்டோஸ்கோப் வழியே செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். இப்போது வரும் முழு எண்டோஸ்கோப் முறையில் கருவி போகும் வழியே ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர்தான். எண்டோஸ்கோப்பில் ஒரு நன்மை உண்டு: படம் திரையில் விழுவதால் தியேட்டரில் இருக்கும் எல்லோரும் மறுபடியும் பார்க்கலாம். கண் திரும்பி வந்துவிட்டது, கை வரவில்லை. மாணவர் தடுமாறும் நேரத்தில் ஆசிரியரிடம் மிஞ்சுவது குரல் மட்டும்.

அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். மேலே, கீழே என்ற இரண்டு சொற்களையும் அடியோடு நீக்கினோம். இடது, வலது போயிற்று. மேசையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். பதிலாக தலைப்பக்கம், கால்பக்கம், நடு, வெளி. நடு என்றால் முதுகெலும்பின் நடுக்கோடு. ஆழத்துக்கு ‘ஆழம்’, திரும்பி வருவதற்கு ‘மேலெழு’. எவ்வளவு என்பதற்கு ‘கொஞ்சம்’ கூடாது, ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று அளவாகவே சொல்ல வேண்டும். எண்டோஸ்கோப்பில் கேமராவைச் சுழற்றினால் படமும் சுழலும். அதனால் தொடங்கும்போதே “பன்னிரண்டு மணி தலைப்பக்கம்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கடிகார முள் கணக்கில் பேசுவோம். சுழற்றியவர் மறுபடியும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட நேரம் எடுத்தது நிறுத்தச் சொல்லும் சொல்தான். முதலில் ‘ஸ்டாப்’ என்றே இருந்தது. அதைக் கேட்டதும் பயிற்சி மருத்துவர்கள் பலர் பதறிப்போய்க் கருவியை வெளியே இழுத்துவிடுவார்கள். அது ஆபத்து. கெரிசனின் வாய்க்குள் டியூராவின் ஒரு மடிப்பு சிக்கியிருந்தால், இழுக்கும்போதுதான் அது நீளமாகக் கிழியும். எனவே மூன்று சொற்களாகப் பிரித்தோம். ‘நில்’ என்றால் கை இருந்த இடத்திலேயே உறைய வேண்டும், விரல்கூட அசையக் கூடாது. ‘விடு’ என்றால் கருவியின் வாயைத் திற. ‘எடு’ என்றால் மட்டுமே வெளியே வா. எங்கள் தியேட்டர் சிஸ்டருக்கும் இது பழகிவிட்டது. நான் ‘நில்’ என்றால் அவரும் அடுத்த கருவியை நீட்டுவதை நிறுத்திவிடுவார்.

சொல் தயாரானால் போதுமா? கை தயாராக வேண்டும். எங்கள் பயிற்சி கோழி முட்டையில் தொடங்கும். பச்சை முட்டையைக் களிமண்ணில் பதித்து, டியூபை அதன் மேல் நிறுத்தி, வேகமாகச் சுழலும் பர் கொண்டு ஓட்டை மட்டும் தேய்த்தெடுக்க வேண்டும். அடியில் இருக்கும் வெள்ளைச் சவ்வு கிழியக் கூடாது. ஓடுதான் எலும்பு, சவ்வுதான் டியூரா. பல நாடுகளில் இந்தப் பயிற்சி உண்டு. முதல் வாரம் எல்லோருக்கும் மேசையெல்லாம் மஞ்சள்கரு வழியும். கையை அழுத்தாமல், பர்ரை எலும்பின் மேல் பக்கவாட்டில் தடவிக்கொண்டே போக வேண்டும் என்று எத்தனை தரம் சொன்னாலும் புரியாது. ஒருநாள் ஒருவரிடம் “வீட்ல அம்மா தேங்காய் துருவுறதைப் பார்த்திருக்கியா?” என்று கேட்டேன். வெள்ளை முடிந்து அடியில் பழுப்புத் தோல் தெரியத் தொடங்கியதும் கை தானாகவே இலேசாகுமே, அதே உணர்வுதான். லாமினாவைத் தேய்க்கும்போதும் இடையில் இரத்தம் கசியும் பஞ்சு போன்ற எலும்பு வரும், அது முடிந்து உள் அடுக்கு வெளுப்பாகத் தெரியும். அந்த நிற மாற்றம் கண்ணில் பட்டதும் கை இலேசாக வேண்டும். அவருக்கு அன்றே பிடிபட்டது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் தேங்காயைத்தான் சொல்கிறேன்.

முட்டைக்கு அடுத்தது ஆட்டு முதுகெலும்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் சொல்லிவைத்தால் வெட்டாமல் முழு நீளமாகத் தருவார்கள். அதை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, டியூபை இறக்குவோம். இதில் நான் சேர்த்துக்கொண்ட ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், கருவியைத் தொடக் கூடாது. இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு கருவியைப் பிடித்திருப்பார். பார்ப்பவர் சொல்லச் சொல்ல, பார்க்காதவர் கொக்கியின் நுனியை ஃபேசட்டின் விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும். பார்ப்பவர் பேச்சுத் திறனுக்கு இது பரீட்சை. பார்க்காதவர் கைக்கும் பரீட்சைதான், ஏனென்றால் டியூப் அறுவையில் முதல் ஐந்து நிமிடம் உண்மையிலேயே கண்ணில்லாத வேலை. சிறு கீறல் வழியே முதல் குழலை இறக்கும்போது எதுவும் தெரியாது. சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் படம் ஒரு பக்கத் தோற்றத்தை மட்டும் காட்டும். மீதியைக் குழலின் நுனிதான் சொல்ல வேண்டும்: லாமினாவின் வழவழப்பு, வெளிப்பக்கம் போனால் ஃபேசட்டின் ஏற்றம், கால்பக்கம் வந்தால் விளிம்பு முடிந்து படி இறங்குவது போல ஒரு சரிவு. அந்தப் படியைத் தொட்டு உணராதவர் டியூபைத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டு, தெரியாத ஊரில் வழி தேடுவது போல அரை மணி நேரம் எலும்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

உடற்கூறு ஆய்வகங்களில் நடக்கும் பயிலரங்குகளுக்கும் அனுப்புகிறேன். ஃபார்மலினில் வைத்த உடலில் திசு மரக்கட்டை மாதிரி விறைத்திருக்கும். உறையவைத்துப் பின் இளக்கிய உடலில் தசையும் ஜவ்வும் உயிருள்ளவரிடம் இருப்பது போலவே நெகிழும். தங்கள் உடலைக் கொடுத்துவிட்டுப் போன அந்த மனிதர்களுக்கு நாங்கள் ஒவ்வொருவரும் கடன்பட்டிருக்கிறோம். வேலையைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் தலை குனிந்து நிற்கச் சொல்வேன்.

ஆனால் அங்கே இரத்தம் வராது. 18 மில்லிமீட்டர் வட்டத்தில் சில துளி கசிந்தாலே எல்லாம் சிவப்பாகிவிடும். இளைஞர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். டியூராவைச் சுற்றியுள்ள நுண் சிரைகள் கசியும்போது அவசரப்பட்டு மின்சூட்டால் சுட்டுக்கொண்டே போனால் பக்கத்து நரம்பு சுடப்படும். இரத்தத்தை உறையவைக்கும் பஞ்சை வைத்து, அதன் மேல் ஈரப் பஞ்சுத் துண்டை வைத்து, இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த இரண்டு நிமிடம் அவர்களுக்கு இரண்டு மணி நேரம். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வேன். உண்மையில் இந்தக் கசிவின் பாதியை அறுவை தொடங்கும் முன்பே தடுத்துவிடலாம். குப்புறப் படுக்க வைக்கும்போது வயிறு அழுந்தாமல் தொங்க வேண்டும். அழுந்தினால் வயிற்றுச் சிரைகளின் அழுத்தம் முதுகுத்தண்டின் சிரைகளுக்கு ஏறும். அதனால் என்னிடம் வருபவர்களுக்கு முதல் மாதம் கத்தி கிடையாது. படுக்க வைப்பது, வயிற்றின் அடியில் கையை விட்டுப் பார்ப்பது, எந்த மட்டம் என்று சி-ஆர்மில் எண்ணிக் குறிப்பது, கடைசியில் தைப்பது. “எம்.எஸ். முடிச்சு வந்தும் படுக்கை போடத்தானா சார்?” என்று ஒருவர் கேட்டதுண்டு. ஆமாம் தம்பி, அதற்குத்தான்.

அப்புறம் கதிர்வீச்சு. சிறு துளை அறுவையில் கண்ணுக்குப் பதில் சி-ஆர்ம் பார்க்கிறது, படம் அதிகம் எடுக்கிறோம். ஈயக் கவசம், கழுத்துக் கவசம் இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. படம் எடுக்கும்போது ஓர் அடி பின்னால் போ, தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகிவிடும். இதை நான் கெஞ்சிக்கூடச் சொல்வேன். இன்னும் முப்பது வருடம் இந்தத் தொழிலில் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்.

எலும்பு மருத்துவமான ஆர்த்தோ முடித்து, ஸ்பைன் எஃப்.என்.பி. என்ற இரண்டு ஆண்டு மேற்பயிற்சி செய்ய வருபவர்களுக்கும், நரம்பு அறுவை மருத்துவமான எம்.சிஎச். நியூரோ முடித்து வருபவர்களுக்கும் ஒரு வித்தியாசம் பார்க்கிறேன். ஆர்த்தோக்காரர்கள் எலும்புக்கு அஞ்ச மாட்டார்கள், சி-ஆர்ம் படம் அவர்களுக்குத் தாய்மொழி. மைக்ராஸ்கோப்பின் கீழ் கை நடுங்கும். நியூரோக்காரர்களுக்கு நேர்மாறு. இரண்டு பேரையும் ஒரே மேசையில் எதிரெதிரே நிறுத்தினால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் வேகத்துக்கு நான் ஈடுகொடுக்க முடியாது.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் டியூப் முறையைக் கற்றுக்கொண்ட புதிதில், வேறோர் ஊரில், என் கையால் டியூரா கிழிந்தது. தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் டியூபின் அடியிலிருந்து நிறைந்து மேலே வந்தது. காதில் என் இதயத் துடிப்பு மட்டும் கேட்டது. எனக்கு மேலே இருந்த மூத்த மருத்துவர் கருவியைப் பிடுங்கவில்லை. “சக்‌ஷனைக் குறைங்க. பஞ்சு வைங்க. மூச்சு விடுங்க” என்றார். பிறகு கீறலை நீட்டித் திறந்து தைத்துவிடலாம் என்றார். நான் தயங்கினேன். நோயாளியிடம் இரண்டு சென்டிமீட்டர்தான் என்று சொல்லியிருந்தேன், அந்த இரண்டு சென்டிமீட்டரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவர் என்னைப் பார்த்து, “அளவு யாருக்கு வேணும்? உங்களுக்கா, அவருக்கா?” என்று கேட்டார். திறந்தேன். தைத்தோம். நோயாளி இரண்டு நாள் தலை தூக்காமல் படுத்திருந்தார், தலைவலி வந்து போனது, குணமாகி வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை நோயாளியிடமும் அவர் மனைவியிடமும் நடந்ததை என் வாயால் சொல்ல வைத்தார் அந்த மூத்தவர், பக்கத்திலேயே நின்றுகொண்டு. கிழிசலைத் தைத்ததைவிட அதுதான் கடினமாக இருந்தது.

அதனால்தான் பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் வாரமே ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்துவிடுகிறேன். நெதர்லாந்தில் 328 நோயாளிகளை வைத்துச் செய்து 2009-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. ஜவ்வு அறுவையில் டியூப் முறையையும் வழக்கமான நுண் அறுவை முறையையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் டியூப் முறை மேலானதாக இல்லை. கால் வலியிலும் முதுகு வலியிலும் சிறு அளவு பின்தங்கியே இருந்தது. டியூபை நேசிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது கசப்பான மருந்து. இருந்தாலும் நான் டியூபைக் கைவிடவில்லை. பருமனான உடம்பில் திறந்த அறுவையின் காயம் ஆழத்துக்கேற்ப நீளும், டியூபில் அதே இரண்டு சென்டிமீட்டர்தான். முதுகெலும்புகளை இணைத்துத் திருகு போடும் பெரிய அறுவைகளில் தசை பிழைக்கிறது, இரத்த இழப்பு குறைகிறது. வயதானவர்கள் அன்று மாலையே எழுந்து நடப்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் துளையின் அளவு நோயாளியைக் குணப்படுத்துவதில்லை, நரம்பின் மேலிருந்த அழுத்தம் போனதா என்பதுதான் குணப்படுத்துகிறது. இதை என் மாணவர்கள் எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

வெளியே நிலைமை வேறு. “முதுகுல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான்” என்ற பயத்தோடு ஒரு பாதிப் பேர் வருகிறார்கள். “இது லேசர்தானே டாக்டர், தையலே இருக்காதாமே?” என்று மறுபாதி. இரண்டையும் பொறுமையாகத் திருத்தி, இது லேசர் இல்லை, சின்னக் கீறல், உள்ளே செய்வது அதே வேலை, தேவைப்பட்டால் கீறல் பெரிதாகும் என்று சொல்ல வேண்டும். பயிற்சி மருத்துவர் இதில் என்ன பங்கு செய்வார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சைப் பயிற்சி மருத்துவரே பேச வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நோயாளியின் கண்ணைப் பார்த்து “நான் கற்றுக்கொண்டிருக்கிறேன், சார் கூடவே இருப்பார்” என்று சொல்ல முடியாதவருக்கு நான் கெரிசனைக் கொடுப்பதில்லை. சொல்லி, நோயாளி மறுத்த நாட்களும் உண்டு. அன்றைக்கு நான் செய்வேன், அவர் பார்ப்பார்.

படிகள் ஒவ்வொன்றாகத்தான் கைமாறும். டியூப் பொருத்துவது, எலும்பு தேய்ப்பது, பிறகு மஞ்சள் நிறத் தசைநாரை உரித்துத் திறப்பது. அதன் அடியில் கொழுப்பு எட்டிப்பார்த்தால் டியூரா பக்கத்தில் இருக்கிறது. கடைசியில் நரம்பை விலக்கி ஜவ்வை எடுப்பது. இதில் ஒரு விதி மட்டும் மாறாது: நரம்பின் வெளி விளிம்பைக் கண்ணால் பார்க்காமல் எதன் மேலும் கத்தி வைக்கக் கூடாது. பிதுங்கிய ஜவ்வின் மேல் நசுங்கி நாடா மாதிரி பரவிக் கிடக்கும் நரம்பு, ஜவ்வு போலவே தெரியும். “வெளி விளிம்பு எங்கே, காட்டு” என்று கேட்பேன். கொக்கியின் நுனியால் தொட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் இன்னும் எலும்பு எடுக்க வேண்டும், இல்லையென்றால் டியூபை நகர்த்த வேண்டும், அதுவும் இல்லையென்றால் திறக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மருத்துவர் இப்போது தெற்கே ஒரு ஊரில் தனியாகப் பார்க்கிறார். போன மாதம் இரவு ஒன்பது மணிக்கு மேல் அழைத்தார். குரலில் களைப்பு.

“சார், இன்னைக்கு ஒரு எல்4–எல்5. டியூப்லதான் ஆரம்பிச்சேன். கசிவு நிக்கல, ரெண்டு தடவை காத்திருந்து பார்த்துட்டேன். வெளி விளிம்பு தெரியவே இல்ல. டியூபை எடுத்துட்டுத் திறந்துட்டேன்.”

“எவ்வளவு நேரத்துல முடிவெடுத்தீங்க?”

“நாற்பது நிமிஷம் சார். முன்னாடியே எடுத்திருக்கலாமோன்னு தோணுது.”

“பேஷன்ட் எப்படி இருக்கார்?”

“சாயந்திரம் காலை நீட்டி மடக்கிக் காட்டினார் சார். வலி இல்லன்றார். வீட்டுக்காரம்மாதான், சின்னதுன்னு சொன்னீங்களே, இவ்வளவு பெரிய கட்டு போட்டிருக்கீங்களேன்னு கேட்டாங்க. உட்கார்ந்து சொன்னேன். புரிஞ்சுக்கிட்டாங்க.”

யார் உதவிக்கு நின்றது என்று கேட்டேன். இந்த வாரம்தான் ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்திருக்கிறானாம். நல்ல கை, ஆனால் ‘நில்’ என்றால் கருவியை வெளியே இழுத்துவிடுகிறானாம்.

“நாளைக்கு வரும்போது ஒரு டஜன் முட்டை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன் சார்” என்றார்.